பச்சை சோபாவின் இடது கை

ஊரில் பாதிப் பேரை உட்கார வைத்தவர் என் அத்தான். பல் டாக்டரின் வரவேற்பறையில் நீங்கள் பயந்துகொண்டு உட்காரும் பெஞ்சு, புகைப்படக் கடையில் சிரிக்கச் சொல்லி உட்கார வைக்கும் ஸ்டூல், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் முதலாளி வாயைத் திறந்துகொண்டு தூங்கும் சுழல் நாற்காலி, எல்லாவற்றுக்கும் பஞ்சு அடைத்துத் துணி போர்த்தியது அவர் கைதான். ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் நமக்கு உட்கார இடம் கிடையாது. ஒரு மர முக்காலி, ஒரு கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, தீர்ந்தது. அந்த நாற்காலியிலும் யாராவது படுத்திருப்பார்கள். யாராவது என்றால் மனிதரைச் சொல்லவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒரு நல்ல சாய்வு நாற்காலி கேட்டேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா சொல்வாள். "இன்னும் செஞ்சிட்டே இருக்காரு."

"இந்த ஆர்டர் முடியட்டும்" என்பார் அத்தான். அந்த ஆர்டர் முடிந்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். தரைத்தளத்தில், பின்பக்கம், அத்தானின் பட்டறை. முதல் மாடியில் அவர்கள் வீடு. இரண்டாம் மாடியில் நான். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் கீழே இறங்கி, அக்கா போடும் டீயைக் குடித்துவிட்டு, அக்காவின் பூனைகளைத் திட்டிவிட்டு மேலே ஏறிப் போவது என் வழக்கம். எனக்குப் பூனை பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் பூனைகளுக்குச் சாதகமாகக் கதை கட்டுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அத்தானுக்கு எதையும் தூக்கிப் போடத் தெரியாது. பழைய சோபாவிலிருந்து பிடுங்கிய ஆணியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பார். கையகலத் துணி மிஞ்சினாலும் மடித்து வைப்பார். கேட்டால் சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார். பட்டறைப் பரணில் துணி மூட்டை, சணல் மூட்டை, பஞ்சு மூட்டை என்று கூரையை முட்டிக்கொண்டிருக்கும். எது எந்த மூட்டை என்று அவருக்கு மட்டும் தெரியும்.

அக்கா பெண்கள் பார்லரில் முடி வெட்டுகிறாள். பகலெல்லாம் ஊரார் தலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கையால் பூனைகளின் முதுகைப் பார்ப்பாள். தினமும் எல்லோருக்கும் சீப்பு உண்டு. யார் வரிசையில் முதலில் என்று அடிதடி நடக்கும். பார்லருக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு அவசரப்பட மாட்டார்கள்.

கறுப்பன் பெயர் சாயம். நாள் முழுக்க ஜன்னல் வெயிலில் கிடந்து முதுகெல்லாம் பழுப்பேறிவிட்டது. "வேர்ல கறுப்பு, நுனில பழுப்பு. டை அடிச்சு ரெண்டு மாசம் ஆன தலை மாதிரி இருக்கான்" என்று அக்கா வருத்தப்படுவாள். அவனுக்குப் பெட்டிப் பைத்தியம். பெட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆசை. கடையிலிருந்து நான் கொண்டுவரும் மருந்து அட்டைப்பெட்டியில் முன்னங்கால் இரண்டையும் வைத்து, மிச்ச உடம்பை வெளியே வழிய விட்டு, குடித்தனம் புகுந்தவன் மாதிரி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வான்.

மூன்று நிறக்காரிக்குக் கட்பீஸ் என்று பெயர் வைத்தது அத்தான். வெள்ளையில் ஒரு துண்டு கறுப்பு, ஒரு துண்டு மஞ்சள், மூக்கின் பாதியில் நிறம் மாறும். கடவுள் மிச்சத் துணியில் தைத்தது என்பார். மேசை ஓரத்தில் எது இருந்தாலும் கட்பீஸ் தள்ளிவிடுவாள். அவசரமாகத் தள்ள மாட்டாள். நம் கண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். "வேணாம்" என்று நாம் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்து, அப்புறம்தான் கடைசித் தட்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்க மாட்டாள், குழாயிலிருந்து சொட்ட வேண்டும். அவளுக்காகவே அந்த வீட்டுக் குழாய்க்கு இன்னும் வாஷர் மாற்றவில்லை.

மூன்றாமவன் செம்பட்டை. இளஞ்சிவப்பு மூக்கு, ஆரஞ்சு உடம்பு, நாலு காலிலும் வெள்ளை. அறிவு கொஞ்சம் மட்டு, பாசம் ரொம்ப ஜாஸ்தி. மெத்தென்று எதைக் கண்டாலும் ஏறி நின்று முன்னங்கால்களால் மாறி மாறி மாவு பிசைவான். பிசையும்போது கண் செருகி, எச்சில் ஒழுகும். வளர்ந்து தடித்தடியாக ஆன பிறகும் அந்தக் குட்டிப் பழக்கம் போகவில்லை.

இவர்களுக்கு ஒரு தொழில் தர்மமும் உண்டு. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நான் வேலைக்குக் கிளம்பினால் மடியில் ஏறுவது சாயம்தான். கறுப்பு உடுத்தினால் கட்பீஸின் வெள்ளைப் பக்கம் வந்து உரசும். மருந்து வாங்க வருகிறவர்கள் என் அங்கியைப் பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

அத்தான் என்ன சொல்வார் என்றால், "உங்க அக்காவுக்காகச் சகிச்சுக்கிறேன், மாத்திரை." மருந்துக் கடைக்காரி என்பதால் நான் அவருக்கு மாத்திரை. ஆனால் வெட்ட விரித்த துணியின் நடுவில் செம்பட்டை தூங்கிவிட்டால், எழுப்பாமல் அவனைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவதை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, புதுத்துணி வந்தால் ஒரு துண்டை வெட்டி பூனைகளிடம் கொடுத்து நகம் மாட்டுகிறதா என்று சோதனை செய்வார். மாட்டினால், "பூனை இருக்கிற வீட்டுக்கு இது ஆகாதுங்க, வெல்வெட் எடுங்க" என்று வாடிக்கையாளருக்கு உபதேசம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சும்மாவா சொன்னார்கள்.

முன்பு நாலாவதாக ஒருத்தி இருந்தாள். மகாராணி. பனி வெள்ளை, விரல் நீள முடி, செம்பட்டையின் அம்மா. நடந்து வந்தால் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவளைச் சீவச் சீவ சீப்பு நிறைய வெள்ளை வெள்ளையாக வரும். மற்றவர்கள் முடி குப்பைக்குப் போகும், மகாராணியின் முடியை மட்டும் அக்கா ஒரு துணிப்பையில் போட்டு வைத்தாள். வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு அது தலையணை அளவுக்கு வந்துவிட்டது.

"என்னக்கா பண்ணப் போற இதை?" என்று கேட்டேன்.

"தெரியல. நாள் முழுக்க முடியைக் கூட்டித் தள்ளுறவதான். இவ முடியை மட்டும் குப்பைல போட கை வரல" என்றாள்.

போன மழைக்காலத்தில் மகாராணி வயதாகிப் போய்ச் சேர்ந்தாள். அக்கா அழவில்லை. பார்லருக்கு லீவு போட்டுவிட்டு வீடு முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். செம்பட்டை அந்தத் துணிப்பையின் மேலேயே படுத்துக் கிடந்தான், பிசைந்து பிசைந்து பையைக் கிழிக்க ஆரம்பித்தான். இதுவும் போய்விடுமே என்று பயந்து, அக்கா அதை வேறொரு கெட்டியான பையில் போட்டுக் கட்டி, பட்டறைப் பரணில் கொண்டுபோய் வைத்தாள். "இதைத் தொடாதீங்க" என்று அத்தானிடம் சொன்னபோது நானும் இருந்தேன். "நான் ஏன் தொடப் போறேன்" என்றார்.

இப்போது மூன்றாம் மாடிக்குப் போவோம். அங்கே இருப்பவர் எங்கள் கட்டடச் சங்கத் தலைவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. எதையும் இரண்டு தடவை சொல்வார், அதுவும் சுத்தமான எழுத்துத் தமிழில். படிக்கட்டில் எதிரில் வந்தால், "தண்ணீர் வராது. நாளை காலை தண்ணீர் வராது" என்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருக்கும்.

மகனுடைய வருங்கால மாமனார் மாமியார் வரப் போகிறார்கள் என்று அவர் வீட்டுப் பழைய சோபாவைப் புதுப்பிக்க அத்தானிடம் கொடுத்தார். பச்சை வெல்வெட். உள்ளே ஸ்பாஞ்சு கூடாது, முதுகு சுடும், இலவம்பஞ்சுதான் வேண்டும் என்று கண்டிப்பு. விருந்தாளி வருகிற அன்று மதியம் வரை வேலை முடியவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் பட்டறை வாசலில் குடையோடு நின்று, "நான்கு மணி. மணி நான்கு" என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். எப்படியோ அஞ்சு மணிக்கு நாலு பேர் சோபாவைத் தூக்கி மேலே கொண்டுபோனோம். வந்தவர்கள் சோபாவைப் புகழ்ந்தார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

அடுத்த வாரம் அறிவிப்பாளர் என் கடைக்கு வந்தார்.

"தும்மல். காலையில் சோபாவில் அமர்ந்து செய்தித்தாள் படித்தால் தும்மல்."

"வீட்ல பூனை, நாய் ஏதாவது இருக்கா சார்?"

"கிடையாது. எதுவும் கிடையாது."

மாத்திரை கொடுத்தேன். மாதா மாதம் வந்து வாங்கினார்.

அதே சமயத்தில்தான் செம்பட்டைக்கு மூன்றாம் மாடி மோகம் வந்தது. மழைநீர்க் குழாயைப் பிடித்து, ஜன்னல் விளிம்பில் நடந்து, அறிவிப்பாளர் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய்விடுவான். திருட மாட்டான், சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். நேராகப் போய்ப் பச்சை சோபாவின் இடது கையில் ஏறி, கண்ணைச் செருகிக்கொண்டு மாவு பிசைவான். வெல்வெட் எத்தனை நாள் தாங்கும்? கிழிந்தது. அத்தான் போய்த் தைத்துக் கொடுத்தார். மறுபடி கிழித்தான். மறுபடி தைத்தார்.

படிக்கட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. சோபாக்காரர் பூனையைப் பழக்கி வீடு வீடாக அனுப்புகிறாராம், அது கிழிக்குமாம், இவர் தைப்பாராம். பூனைக்குச் சம்பளமா கமிஷனா என்று நாலாம் மாடியில் பட்டிமன்றமே நடந்தது. பூனையே எட்டிப் பார்க்காத வீட்டிலும் பழைய நாற்காலிகளைத் தூக்கிக் காட்டி, "இதுவும் அதோட வேலைதான்" என்றார்கள். அந்த நாற்காலிகள் கிழிந்தபோது செம்பட்டை பிறந்திருக்கவே மாட்டான்.

இதைக் கேட்டு அத்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தார். அதுவும் கிழிசலைத் தைத்ததற்குக் கூலியே வாங்கவில்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கு நெருடியது. சொந்த மைத்துனியின் தலையணைக்கு உறை தைத்துவிட்டு நூலுக்குக் காசு கேட்ட மனிதர் அவர்.

ஒரு நாள் காலை அறிவிப்பாளர் படிக்கட்டில் நின்று முழுக் கட்டடத்துக்கும் அறிவித்தார். "ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என் வீட்டில் கூட்டம். பூனைகளை அகற்றுவது பற்றி முடிவெடுக்கப்படும். மூன்று பூனைகளையும் அகற்றுவது பற்றி."

அக்கா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்று கேட்டாள். உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து கட்பீஸைச் சீவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே சீவி முடித்த பக்கத்தையே மறுபடி சீவினாள். கட்பீஸ் அதிசயமாகச் சும்மா இருந்தாள்.

"இதுங்களை எங்கயாவது கொண்டுபோய் விடச் சொன்னா, நானும் அங்கயே போயிடுறேன்" என்றாள் அத்தானிடம். குரலை உயர்த்தவில்லை. அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னதையெல்லாம் செய்திருக்கிறாள், கல்யாணம் உட்பட.

அத்தான் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் பட்டறைக்கும் அலைந்தார். முதலில் செம்பட்டைக்கு வீட்டுக் காவல். ஜன்னலை எல்லாம் சாத்தினார். செம்பட்டை கதவடியில் உட்கார்ந்து, யாரோ செத்த வீடு மாதிரி ராகம் போட்டு அழுதான். பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்த நொடியில் அவர் காலுக்கிடையில் புகுந்து ஓடினான். அவர் பின்னால் ஓடி மூன்றாம் மாடி போய்ச் சேர்ந்தபோது அவன் சோபாவின் இடது கையில் ஏறிப் பிசைந்துகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் செய்ததுதான் விசித்திரம். அறிவிப்பாளரிடம் போய், "சோபா கால் ஆடுது சார். கீழ கொண்டுபோய் சரி பண்ணித் தர்றேன். ஒரு நாள் போதும்" என்றார்.

அறிவிப்பாளர் சோபாவைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "ஆடவில்லை. கால் ஆடவில்லை."

"உள்ள ஆடுது சார். உங்களுக்குத் தெரியாது."

"சோபா எங்கும் செல்லாது. கூட்டம் முடியும் வரை அது சாட்சி."

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போய் அவரைப் பிடித்தேன். வளைந்த ஊசியில் நூல் கோக்க முயன்று, மூன்று முறை தவறவிட்டார்.

"அத்தான், அந்த சோபாவுக்குள்ள என்ன இருக்கு?"

"பஞ்சு."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

"பஞ்சுதாம்மா. போய் வேலையைப் பாரு மாத்திரை." நான் பரணை அண்ணாந்து பார்த்தேன். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பாளர் வீட்டில் கட்டடமே கூடியிருந்தது. சாட்சியான சோபாவில் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு கயிறு கட்டியிருந்தார். அதனால் எல்லோரும் நின்றோம், சிலர் சமையலறை வாசலில் சாய்ந்தார்கள். அக்கா சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்லருக்குப் போகிற மாதிரி நேர்த்தியாகத் தலை வாரியிருந்தாள். வீட்டில் இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறாள் என்பது எனக்கும் அத்தானுக்கும் மட்டும் தெரியும்.

அறிவிப்பாளர் கிழிசல்களைக் குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கினார். முதல் கிழிசல், இரண்டாம் கிழிசல் என்று ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்பது வரை சொன்னார். அப்போது பார்த்து ஜன்னலில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. செம்பட்டை விளிம்பிலிருந்து குதித்தான், கூடியிருந்தவர்கள் கால்களுக்கு நடுவே வந்தான், கயிற்றுக்கு அடியில் நுழைந்தான், இடது கையில் ஏறினான். தன்மேல்தான் வழக்கு நடக்கிறது என்ற கவலையே இல்லாமல் பிசைய ஆரம்பித்தான். எச்சில் ஒழுகியது. கிழிசலில் வாயை வைத்துச் சப்பினான்.

"குற்றவாளி" என்றார் அறிவிப்பாளர். "குற்றவாளி இதோ."

"சார், ஒரு சந்தேகம்" என்றேன். "ரெண்டு கையும் ஒரே வெல்வெட்தானே. வலது கையில நகக்கீறல்கூட இல்லையே, ஏன்?"

"பூனையிடம்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி அறிவிப்பாளர் தும்மினார். "வாக்கெடுப்பு. பூனைகள் போக வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தவும்."

கைகள் உயர்ந்தன. நாலாம் மாடிக்காரர்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கை எழுந்தது. அத்தானின் கை.

அக்கா அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

"ஓட்டுப் போடல" என்றார் அத்தான். "பேசணும்னு தூக்கினேன். பூனை போக வேணாம். போகணும்னா நான்தான் போகணும்."

சட்டைப் பையிலிருந்து ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். கயிற்றைத் தாண்டிப் போனார். செம்பட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன். இடது கையின் அடியில் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அந்த நேரத்திலும் பிடுங்கிய ஆணியைப் பையில் போட்டுக்கொண்டார். துணியைப் புரட்டியதும் உள்ளேயிருந்து வெள்ளையாக, மெல்லியதாக, கொத்துக் கொத்தாக வெளியே பொங்கியது.

"அன்னிக்கு மழை. பஞ்சு தீர்ந்துபோச்சு, கடை எல்லாம் மூடியிருந்துச்சு. இவர் வாசல்ல நின்னு மணி சொல்லிட்டே இருந்தாரு. இந்த ஒரு கைக்குத்தான் குறைஞ்சுது. பரண்ல கையை விட்டேன், ஒரு பை வந்துச்சு."

அக்கா மெதுவாக நடந்து வந்தாள். ஒரு கொத்தை எடுத்து, விரல்களுக்கு நடுவில் வைத்து நீவிப் பார்த்தாள். எதற்கு நீவினாளோ, பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இருட்டுல பஞ்சுன்னு நினைச்சிட்டீங்க" என்றாள். அவருக்கு ஒரு வழி விடுவதற்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

அத்தான் தலையை ஆட்டியிருக்கலாம். "இல்ல" என்றார். "கை வச்சதும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். பஞ்சைவிட மெத்துன்னு இருந்துச்சு."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அறிவிப்பாளர் அந்த வெள்ளையையும் தன் மூக்கையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தது தெரிந்தது. "அப்படியானால் இத்தனை மாதமாக நான் சாய்ந்துகொண்டிருந்தது..." என்று ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அறிவிப்பை முடிக்காமல் விட்டார்.

"மகாராணி மேல சார்" என்றேன். கையில் செம்பட்டை திமிறிக்கொண்டிருந்தான். அவன் அந்தத் திசையையே பார்த்தான். "அது இவனோட அம்மா."

அதுவரை வாய் திறக்காத அறிவிப்பாளரின் மனைவி, சமையலறை வாசலிலிருந்து சொன்னார்: "அந்தக் கை மட்டும் ஏன் அவ்வளவு சுகமா இருக்குன்னு நானும் யோசிச்சேன். மத்தியானம் அதுலதான் தலை வச்சுத் தூங்குவேன். இவன் வந்து பக்கத்துல படுப்பான்."

"ஜன்னலை நான் தினமும் சாத்துகிறேனே" என்றார் அறிவிப்பாளர்.

"நான் தினமும் திறக்கிறேன்."

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். பெரிய குரலை வரவழைத்தார். "தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. தீர்மானம் ரத்து. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." அப்புறம் நாலு தும்மல் தும்மினார்.

பூனைகள் தங்கிவிட்டன. அக்கா அந்த முடியை ஒரு இழை விடாமல் மடியில் அள்ளிக்கொண்டு கீழே போனாள். பெட்டிகளைப் பிரித்தாள். ஆனால் அத்தானோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் எல்லாச் செய்தியும் பூனைகள் வழியாகத்தான் போனது.

"சாயம், உங்கப்பாகிட்ட டீ ஆறுதுன்னு சொல்லு" என்பாள்.

"கட்பீஸ், உங்கம்மாகிட்ட நான் குடிச்சிட்டேன்னு சொல்லு" என்பார் அவர். கட்பீஸ் காலி டம்ளரைத் தள்ளிவிட்டுப் பதில் சொல்வாள்.

அத்தான் புது ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். இடையில் அறிவிப்பாளர் வந்து, புதுப் பஞ்சு வைத்த இடது கை கல் மாதிரி இருப்பதாக மனைவி புகார் செய்கிறாள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தும்மல் நின்றுவிட்டது. எங்கள் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார்.

ஒரு நாள் அத்தான் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்காகிட்ட மகாராணியோட பையைக் கேட்டுப் பாரேன்."

"உங்களுக்கு இருக்கிற தைரியம் எனக்கில்ல" என்றேன். இருந்தாலும் கேட்டேன். அக்கா உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"மறுபடியும் அவர்கிட்டயா கொடுக்கிற?" என்றேன்.

"அடைக்கத் தெரிஞ்சது அவருக்குத்தானே" என்றாள்.

வாரக் கடைசியில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை முதல் மாடிக்கு ஏற்றினோம். சாய்வு நாற்காலி. தேக்கு நிறக் கால்கள், கருநீல வெல்வெட், அதுவும் மிச்சத் துணி இல்லை, புதுச் சுருளிலிருந்து வெட்டியது. தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடினாலும் தெரியவில்லை. உட்காரும் மெத்தையில் அழுத்தினால் விரல் ஆழமாகப் போய், மெதுவாக மேலே வந்தது.

அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கைப்பிடியைத் தடவினாள். கல்யாணமான புதுசில் கேட்டதை முந்தின நாள்தான் கேட்ட மாதிரி, "நாற்காலி" என்றாள் சுவரைப் பார்த்து. உட்காரத் திரும்பினாள்.

அதற்குள் செம்பட்டை ஏறிவிட்டான். மெத்தையை மோந்தான், இரண்டு சுற்றுச் சுற்றினான், வெள்ளைக் கால்களால் பிசையத் தொடங்கினான். கண் செருகிவிட்டது.

"டேய், எறங்குடா" என்றார் அத்தான். எந்தப் பூனையையும் எங்கிருந்தும் இறக்கிவிட்டுப் பழக்கமில்லாதவர், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார். "கல்யாணமான நாளா கேட்டுட்டு இருக்கா. இன்னிக்கு ஒரு நாளாவது அவ உட்காரட்டும்டா."

அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. அவங்கம்மா மடில உட்கார்ந்திருக்கான்" என்றாள். "நின்னா நம்ம காலு தேஞ்சா போயிடும்."

அன்றைய கூட்டத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிடித்த கையை அவள் விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாயம் படுத்திருந்தான், முக்காலியில் கட்பீஸ். நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.